உங்கள் சாட்டிங் யார் வீட்டில் நடக்கிறது?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "சாட் செய்ய எந்த சாப்ட்வேர் நல்லது?" என்பது. எதில் வேகம் அதிகம், எதில் வீடியோ நன்றாகத் தெரியும், எதில் படம் அனுப்புவது சுலபம் என்று பதில் சொல்லுவேன் என எதிர்பார்ப்பார்கள். நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன். "அந்த சாப்ட்வேரை நடத்தும் நிறுவனம் நாளைக்குக் கடையை மூடிவிட்டால், உங்கள் பேச்சும் நண்பர்கள் பட்டியலும் எங்கே போகும்?"

பயமுறுத்துவதற்காகக் கேட்கவில்லை. கீழே உள்ள பட்டியலைப் பாருங்கள்.

பிரவுசிங் சென்டர் காலத்தில் நம் ஊர்களில் கொடிகட்டிப் பறந்த யாஹூ சாட் ரூம்கள் 2012 டிசம்பரில் மூடப்பட்டன. யாஹூ மெசஞ்சரே 2018 ஜூலை 17 அன்று நின்றுபோனது. எம்.எஸ்.என். மெசஞ்சரில் இருந்தவர்களை 2013ல் ஸ்கைப்புக்குப் போகச் சொன்னார்கள். அந்த ஸ்கைப்பும் 2025 மே 5 அன்று மூடப்பட்டது. 2005ல் வந்த கூகுள் டாக் 2022 ஜூனில் முழுமையாக ஓய்ந்தது. 1996ல் தொடங்கி இந்த மெசஞ்சர் வகைக்கே முன்னோடியாக இருந்த ஐ.சி.க்யூ. 2024 ஜூன் 26 அன்று விடைபெற்றது. இவற்றில் எதுவும் சின்ன நிறுவனத்தின் கடை இல்லை. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தியவை. சில நிறுவனங்கள் பழைய பேச்சுகளை டவுன்லோட் செய்து கொள்ள அவகாசம் கொடுத்தன. அந்த அறிவிப்பைப் பார்க்காதவர்களுக்குப் போனது போனதுதான்.

எனவே என் கருத்து இதுதான். சொந்தமாக கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ஒரு முறையாவது, தங்கள் கம்ப்யூட்டரிலேயே இயங்கி பிரவுசரில் திறக்கும் ஒரு சாட் கிளையண்ட்டை நிறுவிப் பார்க்க வேண்டும். அதே நேரம், சாட் சர்வர் நடத்துவது வீட்டுக்கு வீடு செய்கிற வேலை இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக் கொள்வதால்தான் பலர் ஆசையாக ஆரம்பித்து பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

கிளையண்ட், சர்வர், புரோட்டோகால்

நான் இருப்பது கருங்குழி. சென்னையில் இருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வந்தால் செங்கல்பட்டு, படாளம் தாண்டி மதுராந்தகத்துக்கு முன்பாக வருகிற ஊர். இந்தப் பெயரைச் சொன்னதும் பலர், "வள்ளலார் தண்ணீரில் விளக்கு எரித்த ஊரா?" என்பார்கள். அது வடலூர் பக்கத்தில், கடலூர் மாவட்டத்தில் இருக்கும் கருங்குழி. பெயர் ஒன்று, ஊர் இரண்டு. கடிதம் எழுதுபவர் மதுராந்தகம் வழி என்றோ வடலூர் வழி என்றோ எழுதினால்தான் சரியான இடத்துக்கு வந்து சேரும்.

இமெயில் முகவரியும் இப்படித்தான். முதலில் உங்கள் பெயர், பிறகு எந்த சர்வர் என்ற விவரம். அதனால் ஒரு நிறுவனத்தில் கணக்கு வைத்திருப்பவர் வேறு நிறுவனத்தில் இருப்பவருக்கு மெயில் அனுப்ப முடிகிறது. வாட்ஸ்அப்பில் பெயருக்குப் பின்னால் ஊர்ப்பெயர் கிடையாது. உலகம் முழுவதற்கும் அங்கே ஒரே ஊர்தான். அதற்கு ஒரே சொந்தக்காரர்.

சாட்டிங்கில் மூன்று பகுதிகள் உண்டு. நீங்கள் டைப் செய்யும் திரை கிளையண்ட். செய்தியை வாங்கி உரியவரிடம் சேர்க்கும் கம்ப்யூட்டர் சர்வர். இரண்டும் பேசிக் கொள்ளும் முறை புரோட்டோகால். இந்த முறை வெளிப்படையாக எழுதி வைக்கப்பட்டிருந்தால், அதற்கு யார் வேண்டுமானாலும் கிளையண்ட் எழுதலாம், யார் வேண்டுமானாலும் சர்வர் நடத்தலாம். 1988ல் பின்லாந்தில் பிறந்த ஐ.ஆர்.சி., 1999ல் ஜாபர் என்ற பெயரில் தொடங்கிய எக்ஸ்.எம்.பி.பி., 2014ல் வந்த மேட்ரிக்ஸ் ஆகிய மூன்றும் இந்த வகை.

கூகுள் டாக் முதலில் எக்ஸ்.எம்.பி.பி. முறையில்தான் வந்தது. 2006 முதல் வேறு சர்வர்களில் இருந்தவர்களோடும் பேச முடிந்தது. 2013ல் ஹேங்அவுட்ஸ் வந்தபோது அந்த வாசல் மூடப்பட்டது. வாட்ஸ்அப்பின் சர்வரும் தொடக்கத்தில் எக்ஸ்.எம்.பி.பி.க்காக எழுதப்பட்ட ஒரு திறந்த மூல சாப்ட்வேரை அடிப்படையாகக் கொண்டதுதான். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுத்துத் தோட்டம் போட்டவர்கள், பிறகு தோட்டத்தைச் சுற்றி வேலி போட்டுக் கொண்டார்கள்.

வீடு மாறியவர்கள்

திறந்த முறையால் என்ன லாபம் என்பதற்கு 2021ல் நடந்தது நல்ல உதாரணம். லினக்ஸ் உள்ளிட்ட இலவச சாப்ட்வேர்களை உருவாக்குபவர்கள் பல ஆண்டுகளாகக் கூடிய இடம், ஐ.ஆர்.சி.யில் ப்ரீநோட் என்ற நெட்வொர்க். அதன் உரிமை யாருக்கு என்பதில் தகராறு வந்தது. அதை நடத்திய தன்னார்வலர்கள் 2021 மே மாதம் கூட்டமாக விலகி, லிபெரா சாட் என்ற புதிய நெட்வொர்க்கைத் தொடங்கினார்கள். உபுண்டு, பெடோரா, விக்கிமீடியா போன்ற பெரிய குழுக்களும் அங்கே மாறின.

இந்தக் குழுக்களில் இருந்தவர்கள் புது சாப்ட்வேர் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. தங்கள் கிளையண்ட்டில் சர்வர் முகவரியை மாற்றி, புனைபெயரைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். அவரவர் கம்ப்யூட்டரில் சேமித்திருந்த பழைய பேச்சுகள் அப்படியே இருந்தன. ஸ்கைப்பை மூடியபோது இப்படி அடுத்த தெருவுக்கு வீடு மாற வழி இருந்ததா?

இன்னொரு உதாரணம் நம் நாட்டிலேயே நடந்தது. 2023 மே மாதத் தொடக்கத்தில் மத்திய அரசு 14 மெசேஜிங் ஆப்களைத் தடை செய்த செய்தி வெளியானது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் போடப்பட்ட உத்தரவு அது. காஷ்மீரில் தீவிரவாதிகள் இவற்றைப் பயன்படுத்தியதாகக் காரணம் சொல்லப்பட்டது. அந்தப் பட்டியலில் மேட்ரிக்ஸ் முறையில் இயங்கும் எலிமெண்ட்டும் இருந்தது. இதே மேட்ரிக்ஸ் முறையில்தான் பிரான்ஸ் அரசு தன் ஊழியர்களுக்காக 2019ல் 'சாப்' என்ற மெசஞ்சரைத் தொடங்கியிருந்தது. தடையை எதிர்த்து சுதந்திர மென்பொருள் ஆர்வலர்கள் கேரள உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார்கள்.

தடை சரியா தவறா என்று வாதிட இங்கே இடம் இல்லை. சட்டத்தை மீறும்படியும் நான் சொல்லவில்லை. ஒரு சாப்ட்வேரின் பெயரும் அது பேசும் முறையும் வேறு வேறு என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். எலிமெண்ட் பெயரில் வந்த தடையால் மேட்ரிக்ஸ் என்ற முறை காணாமல் போகவில்லை. அதற்கு வேறு கிளையண்ட்களும் உண்டு. ஒரே ஆப், ஒரே நிறுவனம் என்று இருந்தால், ஓர் உத்தரவிலோ ஒரு நிர்வாகக் கூட்டத்திலோ உங்கள் பேச்சு முழுவதும் நின்றுவிடலாம்.

நம் சாலையில் ஒரு அரட்டை

"நம் ஊர் ஆப் அரட்டை இருக்கிறதே!" என்று கேட்பீர்கள். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஸோஹோவின் பெரிய அலுவலகம் எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில், இதே ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரி பக்கம்தான் இருக்கிறது. 2021ல் வந்த அரட்டை, 2025 செப்டம்பரில் நாடு முழுவதும் பேசப்பட்டது. ஆனால் மக்கள் கூட்டமாகச் சேர்ந்த அந்த நாட்களில், அழைப்புகளுக்கு மட்டுமே இருமுனை மறைகுறியாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இருக்கவில்லை. நிறுவனம் நம்முடையதா வெளிநாட்டுடையதா என்று பார்த்த அளவுக்கு இதைப் பலர் பார்க்கவில்லை.

மெசேஜிங் சேவைகள் யூ.பி.ஐ. போல, இமெயில் போல ஒன்றோடு ஒன்று பேச வேண்டும் என்று ஸ்ரீதர் வேம்பு அப்போது வெளிப்படையாகவே சொன்னார். நான் எதிர்பார்ப்பதும் அதுதான். சொந்தக்காரர் உள்ளூர்க்காரராக இருப்பது நல்ல விஷயம். வீட்டைக் காலி செய்யும்போது சாமான்களை எடுத்துப் போக விடுவாரா என்பது அதைவிட முக்கியமான விஷயம்.

எங்கிருந்து தொடங்குவது?

சொந்தமாக நிறுவும் வெப் சாட் கிளையண்ட்களில் புதியவர்களுக்கு நான் சொல்வது 'தி லவுஞ்ச்'. இது ஐ.ஆர்.சி.க்கான இலவச, திறந்த மூல சாப்ட்வேர். இதை ஏன் தேர்ந்தெடுக்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஐ.ஆர்.சி.யில் பொதுவாக சர்வர் பழைய செய்திகளைச் சேமித்து வைக்காது. நீங்கள் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால், அந்த நேரத்தில் நடந்த பேச்சு உங்களுக்குக் கிடைக்காது. தி லவுஞ்ச் இந்தக் குறையைப் போக்குகிறது. அது ஒரு கம்ப்யூட்டரில் எப்போதும் இயங்கி, சாட் ரூமில் உங்கள் பெயரில் உட்கார்ந்திருக்கும். நீங்கள் பிரவுசரை மூடினாலும் அது வெளியேறாது. திரும்ப வந்து திறந்தால் இடையில் நடந்ததை எல்லாம் காட்டும். அந்தப் பேச்சுகளை டேட்டாபேஸ் பைலாகவும், நோட்பேடில் திறந்து படிக்கக் கூடிய சாதாரண டெக்ஸ்ட் பைலாகவும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலேயே சேமிக்கும். பென் டிரைவில் காப்பி எடுத்து பீரோவில் வைக்கலாம்.

நிறுவும் முறை சுருக்கமாக: முதலில் நோட் ஜே.எஸ். என்ற சாப்ட்வேரின் புதிய பதிப்பை அதன் சொந்தத் தளத்தில் இருந்து டவுன்லோட் செய்து நிறுவுங்கள். அதனுடன் வரும் என்.பி.எம். வசதி மூலம் தி லவுஞ்ச்சை நிறுவலாம். இது கமாண்ட் விண்டோவில் டைப் செய்ய வேண்டிய ஒரே வரி, தி லவுஞ்ச்சின் தளத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். உபுண்டு பயன்படுத்துபவர்களுக்குத் தனி இன்ஸ்டலேஷன் பைலும் உண்டு. அடுத்து ஒரு யூசர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்கி, புரோகிராமைத் தொடங்குங்கள். பிரவுசரின் அட்ரஸ் பாரில் லோக்கல்ஹோஸ்ட் என்று டைப் செய்து, கோலன் அடையாளத்துக்குப் பின் 9000 என்று கொடுத்தால் லாகின் பக்கம் வரும். உள்ளே போனதும் நெட்வொர்க்காக லிபெரா சாட்டையும், போர்ட் எண்ணாக 6697ஐயும் கொடுத்து, டி.எல்.எஸ். என்ற கட்டத்தில் டிக் செய்து, உங்களுக்குப் பிடித்த புனைபெயரைக் கொடுங்கள். பிறகு விருப்பமான சானலில் சேர வேண்டியதுதான்.

வீட்டில் வை-பை இருந்தால், அதே வை-பையில் இருக்கும் மொபைலின் பிரவுசரிலும் இதைத் திறக்கலாம். லோக்கல்ஹோஸ்ட் என்பதற்குப் பதிலாக அந்தக் கம்ப்யூட்டரின் ஐ.பி. எண்ணை டைப் செய்ய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது 192.168 என்று ஆரம்பிக்கும். ஒரு கம்ப்யூட்டர் சர்வராகவும் இன்னொன்று கிளையண்ட்டாகவும் இருப்பது என்றால் என்ன என்பதை இந்த ஒரு நிமிடத்தில் நேரில் பார்த்துவிடலாம்.

எக்ஸ்.எம்.பி.பி.க்கு 'கன்வர்ஸ் ஜே.எஸ்.' என்ற வெப் கிளையண்ட் இருக்கிறது. எலிமெண்ட்டின் வெப் பதிப்பையும் எடுத்துச் சொந்த இடத்தில் வைக்க முடியும். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. இவற்றைச் சொந்தமாக நிறுவினால் திரை மட்டுமே உங்களுடையது, கணக்கும் பேச்சுகளும் இருப்பது சர்வரில்தான். "நானே ஹோஸ்ட் செய்கிறேன், எல்லாம் என் கையில்" என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

கரன்ட் கணக்கு

இதற்காகப் பழைய டெஸ்க்டாப் ஒன்றை நாள் முழுவதும் ஓட விடலாமா? நான் போட்ட கணக்கு இது. 60 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் 24 மணி நேரம் ஓடினால் 1.44 யூனிட். 30 நாளைக்கு 43 யூனிட், இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பது 100 யூனிட். சாட்டிங்குக்காக அதில் பெரும்பகுதியைக் கொடுப்பது புத்திசாலித்தனம் இல்லை. ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் 5 வாட் அளவில் ஓடும். மாதம் 3.6 யூனிட்தான். புதியவர்கள் முதலில் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே நிறுவி, பயன்படுத்தும் நேரத்தில் மட்டும் ஓட்டிப் பார்க்கட்டும். பழகிப் பிடித்துப் போனால் சின்னக் கம்ப்யூட்டர் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

எங்கள் பக்கம் மழைக்காலத்தில் காற்று அடித்தால் கரன்ட் போவது சகஜம். தி லவுஞ்ச் ஓடும் கம்ப்யூட்டர் நின்றால் எனக்கு மட்டும்தான் சில மணி நேரப் பேச்சு போகும். மற்றவர்கள் பேசிக் கொண்டே இருப்பார்கள். நான் சர்வரே நடத்திக் கொண்டிருந்தால், என் வீட்டில் பியூஸ் போனதும் என்னை நம்பியிருக்கும் அத்தனை பேரும் ஊமையாகி விடுவார்கள். கிளையண்ட் வைத்திருப்பவருக்கும் சர்வர் நடத்துபவருக்கும் உள்ள பொறுப்பின் வித்தியாசம் இதுதான்.

இதற்கு மேல் போகாதீர்கள்

புதியவர்களுக்கு என் கண்டிப்பான அறிவுரை, தி லவுஞ்ச்சை வீட்டுக்குள் மட்டும் வைத்துக் கொள்ளுங்கள். வெளியூரில் இருந்தும் திறக்கலாமே என்று ரூட்டரில் போர்ட்டைத் திறந்து விடாதீர்கள். இன்டர்நெட்டில் திறந்திருக்கும் கதவுகளைத் தேடி நாள் முழுவதும் புரோகிராம்கள் சுற்றிக் கொண்டிருக்கின்றன. எளிதான பாஸ்வேர்டும், அப்டேட் செய்யாத சாப்ட்வேரும் அவற்றுக்கு விருந்து. தவிர, பல பிராட்பேண்ட் நிறுவனங்கள் ஒரே பொது ஐ.பி. எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருவதால், போர்ட்டைத் திறந்தாலும் வெளியில் இருந்து வர முடியாமல் போகலாம். ஒரே கம்ப்யூட்டரில் மட்டும் பயன்படுத்துபவர்கள், கான்பிகரேஷன் பைலில் ஹோஸ்ட் என்ற இடத்தில் 127.0.0.1 என்று கொடுத்துவிட்டால் வேறு எந்தக் கம்ப்யூட்டரும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது.

ஐ.ஆர்.சி. ரகசியம் பேசும் இடமும் இல்லை. டி.எல்.எஸ். டிக் செய்வதால் உங்கள் கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் இடையே யாரும் ஒட்டுக் கேட்க முடியாது, அவ்வளவுதான். சர்வரை நடத்துபவர் நினைத்தால் படிக்க முடியும். பொதுச் சானலில் பேசுவது டீக்கடை பெஞ்சில் பேசுவது போல. பாஸ்வேர்ட், ஓ.டி.பி., பேங்க் விவரம் எதையும் அங்கே எழுதாதீர்கள்.

அப்படியானால் சர்வரை யார் நடத்துவது? வீட்டுக்கு ஒருவர் பால் பண்ணை வைப்பதில்லை, ஊருக்கு ஒரு பால் சொசைட்டி இருக்கிறது. அதுபோல ஒரு கல்லூரி, ஒரு சங்கம், ஒரு லினக்ஸ் குழு சேர்ந்து நடத்தலாம். எக்ஸ்.எம்.பி.பி. முறையில் 'பிரவ்' என்ற மெசஞ்சரைக் கூட்டுறவாக நடத்த நம் நாட்டிலேயே சிலர் முனைந்திருக்கிறார்கள். எங்கள் பகுதியில் காஞ்சி லினக்ஸ் குழுவினர் தங்கள் இணையக் கூட்டங்களை ஜிட்சி என்ற திறந்த மூல வசதியில், தமிழிலேயே நடத்தி வருகிறார்கள். சந்தேகம் கேட்க இத்தகைய இடங்கள் நல்லவை.

"எல்லாரும் வாட்ஸ்அப்பில்தானே இருக்கிறார்கள்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் மழுப்பல் இல்லை. ஆமாம், இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனிடம், "இனி ஐ.ஆர்.சி.யில் வா" என்று சொல்லும் அம்மா கிடையாது. நானும் வாட்ஸ்அப் பயன்படுத்துகிறேன். அதை நீக்கிவிடச் சொல்லவில்லை.

ஆனால் அதன் வெப் வசதியும் நம் கையில் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். மெசேஜிங் ஆப்களின் வெப் பதிப்புகளை ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது தானாக லாக் அவுட் செய்ய வேண்டும் என்று 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. மோசடிகளைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். காரணம் எதுவானாலும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டரில் உங்கள் பேச்சு எத்தனை மணி நேரம் திறந்திருக்கலாம் என்பதை வேறு யாரோதான் முடிவு செய்கிறார்கள்.

ஆகவே இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவது, இன்று நீங்கள் பயன்படுத்தும் மெசஞ்சரில் முக்கியமான பேச்சுகளை எக்ஸ்போர்ட் செய்யும் வசதி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். தாத்தாவின் குரல் பதிவு, குழந்தை நடந்த முதல் வீடியோ போன்றவற்றை உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு போல்டரில் சேருங்கள். இரண்டாவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தி லவுஞ்ச்சை நிறுவி, ஏதாவது ஒரு சானலில் ஒரு வணக்கம் சொல்லிப் பாருங்கள்.

அதன் பிறகு புதிய மெசஞ்சர் எது வந்தாலும், நண்பர் எதற்கு அழைத்தாலும், மூன்று கேள்விகள் உங்களுக்குத் தானாக வரும். இது திறந்த முறையா? என் பேச்சு எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது? நான் கிளம்பினால் அதை எடுத்துப் போக முடியுமா? மூன்றுக்கும் நல்ல பதில் கிடைக்காத மெசஞ்சரையும் பயன்படுத்தலாம், தவறில்லை. வாடகை வீடு என்று தெரிந்து குடியிருங்கள். நகைப் பெட்டியை மட்டும் அங்கே வைக்காதீர்கள்.